மூவாயிரம் ரூபாயில் பூல் பந்து மெருகு எந்திரம்: வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை

சென்னையில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு பூல் மேசை (பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம்; கோலால் அடித்துப் பந்துகளைக் குழியில் விழவைப்பது) இருக்கிறது. பிள்ளைகளும் பெரியவர்களும் மாறி மாறி ஆடுவதால் பந்துகளில் கையெண்ணெயும் கோல் முனையில் தேய்க்கும் சாக்கட்டியின் தூளும் மேசைத் துணியின் இழையும் சேர்ந்து, ஒரு மாதத்திலேயே சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். 16 பந்துகளையும் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, உலர்த்தி, மெருகேற்ற எனக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. இதற்கென்றே விற்கப்படும் வெளிநாட்டு எந்திரங்களின் விலை சில நூறு டாலர். அதை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லவே எனக்குத் துணிவில்லை.

ஆகவே நானே ஒன்றைச் செய்யத் தொடங்கினேன். முதல் முயற்சியில் இரண்டு பந்துகளில் சில்லு பெயர்ந்தது. இரண்டாம் முயற்சியில் புத்தம்புதிய எந்திரம் ஒன்று ஒரு மாதத்துக்குள் செத்துப்போனது. மூன்றாவதாகச் செய்தது இன்றுவரை ஓடுகிறது. அந்த மூன்றாவதற்கு ஆன செலவு 3,025 ரூபாய். முதல் இரண்டிலும் போன பணத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ அதே அளவு வரும். அந்த இரண்டாவது மூவாயிரத்தை நீங்கள் செலவழிக்காமல் இருப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்திரம் வேலை செய்யும் முறை எளிது. காருக்கு மெழுகு தேய்க்கும் மின்கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் பஞ்சுத் தட்டு மேலே பார்க்கும்படி ஒரு மரத்தாங்கியில் பொருத்துகிறோம். அதைச் சுற்றி அடிப்பாகம் வெட்டப்பட்ட ஒரு வாளி நிற்கிறது. வாளியின் உட்சுவரில் கம்பளம். தட்டு அதிரும்போது அதன்மேல் கிடக்கும் பந்துகள் தத்தம் அச்சில் புரண்டுகொண்டே வாளியை வலம் வருகின்றன. கீழே பஞ்சுத் தட்டும் பக்கத்தில் கம்பளமும் அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன.

1. முதலில் பந்தை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது இது. உலக பூல் சங்கத்தின் விதிப்படி பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ.; 0.127 மி.மீ. கூடலாம் அல்லது குறையலாம். எடை 156 முதல் 170 கிராம் வரை இருக்கலாம். இதே வகையைச் சேர்ந்த ஸ்னூக்கர் ஆட்டத்தின் பந்து 52.5 மி.மீ. பிரிட்டிஷ் பாணிச் சிறு மேசைகளில் ஏறத்தாழ 51 மி.மீ. பந்துகள் இருக்கும். உங்களுடையது எது என்று தெரியாமல் வாளியையும் அதன் நடுவில் தூணாக நிற்கும் குழாயையும் வாங்கினால் பந்துகள் இடுக்கில் சிக்கி நிற்கும்.

ஒரு வெர்னியர் அளவுகோல் கிடைத்தால் 16 பந்துகளின் விட்டத்தையும் சமையலறைத் தராசில் எடையையும் ஒரு தாளில் குறித்துவைத்துவிடுங்கள். வெள்ளைப் பந்து ஒவ்வோர் அடியிலும் அடிபடுவதால் மற்றவற்றைவிட விரைவில் தேய்வது இயல்பு. பின்னொரு நாள் யாராவது "உங்கள் எந்திரம்தான் பந்தைத் தேய்த்துவிட்டது" என்று சொல்லும்போது (எங்கள் குடியிருப்பில் சொன்னார்கள்) அந்தத் தாள் உதவும்.

பந்து எதனால் ஆனது என்பதையும் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தின் சாலுக் நிறுவனம் தயாரிக்கும் அராமித் போன்றவை ஃபீனாலிக் பிசினால் ஆனவை, கடினமானவை, மெருகு நெடுநாள் நிற்கும். மலிவான பாலியெஸ்டர் பந்துகளிலும் இந்த எந்திரம் வேலை செய்யும், ஆனால் அவற்றின் மேற்பரப்பில் கீறல் விரைவில் விழுவதால் மெருகு அவ்வளவு நாள் தங்காது.

2. கருவியைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வேலையில் பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் இதுதான். காருக்கு மெருகு போடும் கருவிகள் இரு வகை. ஒன்று, தட்டு ஒரே அச்சில் விர்ரென்று சுழல்வது. பார்ப்பதற்கு ஆங்கிள் கிரைண்டரைப் போல நீளமாக இருக்கும். மற்றொன்று ஆர்பிட்டல் வகை; இதில் தட்டின் மையம் சற்று விலகி இருப்பதால் தட்டு சிறு சிறு வட்டங்களாக அதிரும். இது உருண்டையான உடலும் இருபுறமும் இரண்டு கைப்பிடிகளும் கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை மட்டுமே.

ஏன் என்பதை என் முதல் முயற்சி எனக்குக் கற்றுக்கொடுத்தது. வீட்டிலிருந்த துளையிடும் எந்திரத்தில் ஒரு வட்ட மரப்பலகையை மாட்டி வாளியின் அடியில் சுழலவிட்டேன். பந்துகள் மையவிலக்கு விசையால் சுவரில் ஒட்டிக்கொண்டு, புரளாமல், பலகையோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே சுற்றின. ஒவ்வொரு பந்திலும் ஒரே ஒரு வளையம் மட்டும் பளபளத்தது. வேகத்தைக் கூட்டியதும் ஒன்றோடொன்று மோதி 5-ஆம் எண்ணும் 12-ஆம் எண்ணும் சில்லு பெயர்ந்தன. சுழலும் வகைக் கருவியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதேதான் நடக்கும்.

கடைக்காரரிடம் "கார் பாலிஷ் மெஷின்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் சுழலும் வகையையே எடுத்து வைப்பார். "இரண்டு கைப்பிடி உள்ள ஆர்பிட்டல், 240 மி.மீ. தட்டு" என்று கேளுங்கள். சென்னையில் கார் துணைப்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மூன்று கடைகள் ஏறி இறங்கி 1,850 ரூபாய்க்கு 230 வோல்ட் கருவியை வாங்கினேன். காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் வகையும் உண்டு. விலை குறைவு, அதிர்ச்சி அபாயமும் குறைவு. ஆனால் அதற்கு ஏற்ற மின்மாற்றி அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டியிருப்பதால் மொத்தச் செலவு குறைவதில்லை. எட்டுப் பந்துகளின் எடையைச் சுமக்கும்போது அது திணறுவதையும் பார்த்தேன்.

கடையிலேயே செருகி ஓடவிட்டுப் பாருங்கள். தட்டோடு துணி உறைகள் இரண்டாவது தருகிறார்களா என்று பாருங்கள்: துண்டுத்துணி போன்றது ஒன்று, கம்பளி போன்றது ஒன்று. இரண்டும் நமக்கு வேண்டும்.

3. ரசீதுகளும் செலவுக் கணக்கும்

வரி எண்ணுடன் கூடிய ரசீதும், கடை முத்திரையும் தேதியும் இட்ட வாரண்டி அட்டையும் இல்லாமல் கருவியை வாங்காதீர்கள். "ரசீது வேண்டாமென்றால் நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளலாம்" என்ற சலுகை கண்டிப்பாக வரும். நான் இரண்டாம் முயற்சிக்கு வாங்கிய கருவிக்கு ரசீதை வாங்கியும்கூட ஏமாந்தேன் என்பது வேறு கதை: அதன் உடலில் நான்கு துளைகள் போட்டுத் திருகி மாட்டியிருந்ததைப் பார்த்ததும் கடைக்காரர் வாரண்டி அட்டையைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். அவர் மேல் தவறில்லை. எனவே கீழே சொல்லும் முறையில் கருவியின் உடலில் ஓர் ஊசித் துளைகூடப் போடுவதில்லை.

குடியிருப்பு, கல்லூரி விடுதி, மன்றம் என்று பொதுப் பணத்தில் செய்கிறவர்கள் வாளி, கம்பளத் துண்டு போன்ற சில்லறைப் பொருள்களுக்கும் கையெழுத்திட்ட துண்டுச்சீட்டையாவது வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பொருளாளர் ரசீது இருந்த தொகையை மட்டுமே திருப்பித் தந்தார். மரத்துக்கும் வாளிக்கும் ஆன 500 ரூபாய் இன்னும் என் கணக்கில்தான் நிற்கிறது.

எனக்கு ஆன செலவு இது: கருவி 1,850, பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளி மூடியுடன் 100, கம்பளத் துண்டு 210, 12 மி.மீ. ப்ளைவுட் பலகையும் ரீப்பர் கட்டைகளும் 400. கேபிள் டை (வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) ஒரு பொட்டலம் 60. கிளாம்புகள், திருகுகள், நட்டு போல்ட்டுகள் 165. சுவிட்ச் பெட்டியும் வயரும் 240. நான்கு அங்குல பிவிசி குழாயின் மிச்சத் துண்டைக் குழாய் வேலை செய்பவர் இலவசமாகவே கொடுத்தார். பழைய சைக்கிள் டியூப் வீட்டிலேயே இருந்தது.

வாளியை வாங்கும்போது அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் அடிவிட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 240 மி.மீ. தட்டு துணி உறையோடு சேர்த்து 245 மி.மீ. வரை விரியும், அது அதிர்வதற்கும் இடம் வேண்டும். வாளியின் உள் அடிவிட்டம் 260 மி.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்னுடையது 265 மி.மீ. பெயின்ட் வேலை செய்பவர்களிடம் கேட்டால் காலி வாளி கிடைக்கும். எண்ணெய்ப் பெயின்ட் இருந்த வாளியைத் தவிர்த்து, தண்ணீரில் கரையும் எமல்ஷன் வாளியாக வாங்கினால் கழுவுவது எளிது.

4. மரத்தாங்கி

40 செ.மீ. சதுரமாக ஒரு ப்ளைவுட் பலகையும், 35 செ.மீ. உயரமுள்ள நான்கு கால்களும் போதும். உயரம் குறைந்த முக்காலி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பலகையின் நடுவில் வாளியின் வெளிப்புற அடிவிட்டத்தைவிட ஐந்து மி.மீ. மட்டும் பெரிதாக ஒரு வட்டத் துளை வெட்ட வேண்டும். பெயின்ட் வாளி கீழே குறுகி மேலே விரிவது. ஆகவே துளைக்குள் அதை இறக்கினால் சில சென்டிமீட்டர் போனதும் தானாகவே இறுகி நின்றுவிடும். பிறகு வாளியின் கைப்பிடிக் காதுகள் இரண்டையும் பலகையில் அடித்த கொக்கிகளோடு கயிற்றால் இழுத்துக் கட்டினால் அது எழும்பாது. இப்படிச் செய்வதால் பந்துகள் உருளும் இடத்தில் ஒரு திருகின் தலைகூட வராது என்பது பெரிய நன்மை.

வட்டத் துளையைக் கையால் வெட்ட முயலாதீர்கள். ஒரு தச்சரிடம் கொடுத்தால் ஜிக்ஸாவால் பத்து நிமிடத்தில் வெட்டித் தருவார். நான் கைரம்பத்தால் ஒரு முழு மாலை போராடி, முட்டை வடிவில் ஒரு துளையைப் பெற்றேன்.

வாளியின் அடிப்பாகத்தை விளிம்பை ஒட்டி முழுவதுமாக வெட்டி எடுத்து, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். அதைப் பலகையில் இறக்கி நிறுத்திய பின்னரே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

இப்போது கருவியைக் கவிழ்த்துக் கீழிருந்து மேலாக வாளிக்குள் நுழைத்துவிடுங்கள். அதன் இரு கைப்பிடிகளும் படியும் உயரத்தில் கால்களுக்கு இடையே இரண்டு குறுக்குக் கட்டைகளைத் தற்காலிகமாகப் பிடித்துப் பாருங்கள். தட்டு முழுவதும் வாளிக்குள் இருக்க வேண்டும். தட்டின் மேற்பரப்பு வாளியின் வெட்டிய விளிம்பிலிருந்து நான்கு செ.மீ. மேலே வந்தால் சரி. உயரம் சரியானதும் கட்டைகளைத் திருகி, கைப்பிடிகளுக்கு அடியில் சைக்கிள் டியூபை இரண்டு மடிப்பாக வைத்து, யூ வடிவக் கிளாம்புகளால் இறுக்குங்கள். டியூப் இல்லாவிட்டால் அதிர்வு முழுவதும் மரத்துக்கும், மரத்திலிருந்து தரைக்கும், தரையிலிருந்து கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கும் போகும்.

கருவியின் காற்றுத் துளைகளை எந்தக் கட்டையும் கிளாம்பும் மறைக்கக் கூடாது. தட்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது வாளியில் உரசினால் கைப்பிடியின் ஒரு பக்கத்தை நகர்த்தி மையத்துக்குக் கொண்டுவாருங்கள். இதில் நான் செலவழித்த முக்கால் மணி நேரம்தான் மொத்த வேலையிலும் மிகப் பயனுள்ளது.

5. கம்பளம்

கருவியைப் பொருத்திய பிறகே கம்பளத்தைத் தொட வேண்டும். தட்டின் மட்டம் எங்கே வரும் என்று தெரியாமல் முதலில் கம்பளத்தை ஒட்டினால், அதன் கீழ் விளிம்பு தட்டோடு உரசி நூல் நூலாகப் பிரியும்.

மயிர் குட்டையாகவும் அடர்த்தியாகவும் உள்ள, ஏறத்தாழ ஆறு மி.மீ. தடிப்புள்ள செயற்கைக் கம்பளம் ஏற்றது. தேங்காய்நார் மிதியடியையும் சணல் பாயையும் அறவே தவிர்க்க வேண்டும். அவை மெருகேற்றாது, கீறும். அலங்காரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கல்யாண மண்டபத்துச் சிவப்புக் கம்பளம் இன்னொரு பொறி. ஈரம் பட்டால் அதன் சாயம் போகும். என் வெள்ளைப் பந்து இரண்டு வாரம் இளஞ்சிவப்பாக இருந்தது. வாங்குவதற்கு முன் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.

பந்துகள் அவ்வளவாக எகிறுவதில்லை என்பதால் 15 செ.மீ. உயரமுள்ள பட்டை போதும். வாளி மேலே விரிவதால் நேரான பட்டை சரியாகப் படியாது. முதலில் செய்தித்தாளை உட்சுவரில் சுற்றி ஒட்டி, மிஞ்சியதை வெட்டி, அந்த வார்ப்பைக் கம்பளத்தின் பின்புறம் வைத்து வரைந்துகொள்ளுங்கள். 265 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு ஏறத்தாழ 83 செ.மீ. வரும். இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்த மேட்டில் ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு சுற்றிலும் இடித்து எகிறும்.

பசை வேண்டாம். இந்த வாளிகள் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. சாதாரணப் பசைகள் எதுவும் அதில் நிலையாகப் பிடிப்பதில்லை. கடையில் கிடைத்த வலுவான ரப்பர் பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டேன். மூன்றாவது ஓட்டத்தில் கம்பளம் வாழைப்பட்டைபோல் உரிந்து விழுந்தது. கேபிள் டையால் தைப்பதே நிற்கும். கம்பளத்தின் கீழ் விளிம்பு தட்டின் மேற்பரப்பிலிருந்து அரை செ.மீ. மேலே இருக்குமாறு பிடித்துக்கொண்டு, கீழ் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உயரத்தில் ஒரு வரிசையும் மேல் விளிம்பை ஒட்டி இன்னொரு வரிசையுமாகத் துளைகள் இடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் எட்டு இணைத் துளைகள் போதும். கேபிள் டையின் முடிச்சு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பந்தின் நடுப்பகுதி சுவரைத் தொடுவது தட்டிலிருந்து சுமார் மூன்று செ.மீ. உயரத்தில், அந்த மட்டத்தில் துளையோ டையோ வரக் கூடாது.

6. மூடியும் நடுக்குழாயும்

பந்துகளில் ஒன்று தட்டின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டால் அது சுவரைத் தொடாமல் அங்கேயே சோம்பிக் கிடக்கும். அதைத் தடுக்க நடுவில் ஒரு தூண் வேண்டும். நான்கு அங்குலக் கழிவுநீர்க் குழாயின் வெளிவிட்டம் 110 மி.மீ. அதன்மேல் ஆறு மி.மீ. கம்பளம் சுற்றினால் 122 ஆகும். சுவர்க் கம்பளத்தைக் கழித்தால் வாளியின் உள்விட்டம் 253. மீதமுள்ள 131 மி.மீ.யை இருபுறமும் பகிர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் 65 மி.மீ. வழி கிடைக்கும், 57 மி.மீ. பந்துக்கு அது கச்சிதம். ஸ்னூக்கர் பந்துக்கும் இதே குழாய் பொருந்தும்.

குழாயை வாளி மூடியின் நடுவில் மூன்று சிறிய எல் வடிவ கிளாம்புகளால் தொங்கவிட வேண்டும். மூடியை மூடும்போது குழாயின் அடி தட்டுக்கு ஒரு செ.மீ. மேலே நிற்க வேண்டும். தட்டைத் தொட்டால் கருவி முனகும். மூடியில் விரல் பருமனில் ஆறு துளைகள் போடுங்கள், சூடு வெளியேறுவதற்காக.

7. மின் இணைப்பு

கருவியின் சுவிட்சை எப்போதும் போட்ட நிலையில் வைத்து, அரை மீட்டருக்கு அப்பால் ஒரு சுவிட்ச் பெட்டியிலிருந்து இயக்குவது நல்லது. தாங்கிக்கு அடியில் கையை விட வேண்டியிருக்காது. கசிவு மின்சாரத்தில் தானாக அறுபடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் மட்டுமே செருகுங்கள். அது உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் மின்பணியாளரைக் கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவி பந்துகளுக்கு நேர் கீழே இருக்கிறது. வாளிக்குள் ஊற்றும் எந்தத் திரவமும் பஞ்சின் வழியாக இறங்கி மோட்டாருக்குள்தான் போகும். நேரம் மிச்சமாகும் என்று என் இரண்டாவது எந்திரத்தில் சோப்பு நீரை ஒரு குவளை ஊற்றினேன். ஐந்தாவது நிமிடம் ஆர்சிசிபி விழுந்து கூடமே இருண்டது. ஆர்சிசிபி இல்லாத பழைய கட்டடமாக இருந்திருந்தால் இருண்டிருப்பது கூடம் மட்டுமாக இருந்திருக்காது. வாளிக்குள் திரவம் ஊற்றவே கூடாது. நனைந்த பந்தையும் போடக் கூடாது.

8. முதல் ஓட்டம்

புதுக் கம்பளம் சில நாள் பஞ்சு உதிர்க்கும். ஆகவே நல்ல பந்துகளை உடனே போடாமல், பழைய பந்துகள் நான்கைந்து கிடைத்தால் அவற்றைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டி, உதிர்ந்ததைத் தூசி உறிஞ்சியால் எடுத்துவிடுங்கள்.

பந்துகளைப் போட்டு, மூடியை இறுக்கிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சுமை இல்லாதபோது தட்டு அதிர்வதை விட்டுவிட்டுச் சுழலத் தொடங்கிவிடும். அப்போது பந்தை இட்டால் எறியும். ஒரு தவணைக்கு எட்டுப் பந்துகள் மட்டும். 253 மி.மீ. உள்விட்டத்தில் பத்துப் பந்துகள் தோளோடு தோள் நிற்க இடம் உண்டு என்றாலும், இடைவெளி இல்லாவிட்டால் அவை புரளாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றுவிடும். பூல் பந்துகள் 16-ம் இரண்டு தவணை. ஸ்னூக்கரின் 22 பந்துகள் மூன்று தவணை.

மூடியின் துளை வழியாகப் பாருங்கள். பந்துகளில் உள்ள எண்கள் தோன்றி மறைந்துகொண்டே நகர்ந்தால் எல்லாம் சரி. ஒரே எண் நெடுநேரம் கண்ணில் பட்டால் அந்தப் பந்து வழுக்குகிறது. பெரும்பாலும் நடுக்குழாய் ஒருபுறம் சாய்ந்திருக்கும்.

9. மெருகேற்றும் வரிசை

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகள் விட்டு, பந்துகளை மென்மையான துணியால் கழுவுங்கள். சுடுநீர் வேண்டாம், பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போடவே வேண்டாம். நல்ல நீரில் அலசி, துடைத்து, அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். சாக்கட்டித் தூளில் உராய்க்கும் தன்மையுள்ள நுண்துகள்கள் இருப்பதால், கழுவாமல் எந்திரத்தில் போட்டால் அத்தூள் கம்பளத்தில் ஏறி, அடுத்த முறை முதல் கம்பளமே உப்புத்தாளாகிவிடும்.

உலர்ந்த பந்தில் பில்லியர்ட் பந்துகளுக்கென்றே விற்கப்படும் சுத்திகரிப்புத் திரவத்தைத் துணியில் தொட்டு, பந்துக்கு இரண்டு மூன்று துளி வீதம் மெல்லிய படலமாகப் பூசுங்கள். தட்டில் துண்டுத்துணி உறையை மாட்டி எட்டு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு கம்பளி உறையை மாற்றி, எதுவும் பூசாமல் இன்னும் ஐந்து நிமிடம். வெளியே எடுத்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு மேசையில் வையுங்கள். ஒரு தவணைக்குப் பின் கருவியைப் பத்து நிமிடம் ஆறவிடுவது அவசியம்; இது நீண்ட நேரம் சுமை தாங்குவதற்காகச் செய்யப்பட்ட மோட்டார் அல்ல.

கழுவுவதிலிருந்து அடுக்குவது வரை 16 பந்துகளுக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கையால் செய்தபோதும் அதே அளவுதானே என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் அதில் நான் உண்மையில் நின்று வேலை செய்வது இருபத்தைந்து நிமிடம். மீதி நேரத்தில் செய்தித்தாள் படிக்கிறேன். மெருகின் தரத்தைக் கையால் ஒருபோதும் எட்ட முடிந்ததில்லை.

10. பூசக் கூடாதவை

கார் மெழுகு வேண்டாம். கார்க் கருவியோடு ஒரு சிறு டப்பி மெழுகை இலவசமாகத் தருவார்கள்; அதைப் பந்தில் பூசினால் ஒரு நாள் கண்ணைப் பறிக்கும், அடுத்த நாள் தூசியையெல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும், மேசைத் துணியிலும் படியும். சிலிக்கோன் கலந்த பளபளப்புத் தெளிப்பான்களும் அப்படியே. நகச்சாயம் அகற்றும் திரவம், தின்னர், ப்ளீச்சிங் பவுடர் எதுவும் பந்தின் அருகில் வரக் கூடாது. கீறல் நீக்கும் களிம்புகளில் உராய்ப்பொருள் இருக்கும். ஆழமான கீறலை எடுக்க ஆசைப்பட்டு அவற்றை இந்த எந்திரத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் விட்டம் குறையத் தொடங்கும். முதல் நாள் எழுதிவைத்த அளவுத் தாளோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளைப் பந்தின் மஞ்சள் நிறம் போகவில்லையே என்று வருந்த வேண்டாம். ஃபீனாலிக் பிசின் வயதாலும் வெயிலாலும் மஞ்சளிப்பது உண்டு. அது அழுக்கு அல்ல, எந்த எந்திரமும் அதை முழுவதுமாக எடுக்காது. சில்லு பெயர்ந்த பந்தையும் இதில் போடாதீர்கள். அதன் கூர்மையான ஓரம் மற்ற பந்துகளைக் கீறும்.

மெருகேற்றிய அன்று ஆடுபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழுக்குப் பந்துகள் மோதும்போது உராய்வு அதிகம். அடிபட்ட பந்து கோணத்திலிருந்து சற்று விலகிப் போகும். சுத்தமான பந்தில் அந்த விலகல் குறைகிறது. பழைய விலகலுக்குப் பழகியவர்கள் முதல் அரை மணி நேரம் எளிய அடிகளைக்கூடத் தவறவிட்டு, பழியை எந்திரத்தின் மேல் போடுவார்கள்.

11. பராமரிப்பும் நேரமும்

பொருள்கள் வாங்க ஒரு சனிக்கிழமை முற்பகல், தச்சரிடம் துளை வெட்ட ஒரு நாள் காத்திருப்பு, பொருத்த ஐந்து மணி நேரம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் மாதம் இருமுறை மெருகேற்றினால் போதுமாக இருக்கிறது. நாள் முழுவதும் ஆடும் கூடங்களில் வாரம் ஒருமுறை தேவைப்படும். துணி உறைகளை இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை துவைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். கம்பளத்தைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்தால் ஓராண்டுக்கு மேல் வரும். சாம்பல் நிறமேறிச் சொரசொரப்பானால் கேபிள் டைகளை நறுக்கிவிட்டுப் புதிய பட்டையைத் தைத்துக்கொள்ளலாம். கிளாம்புகள் அதிர்வில் தளர்கின்றன. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஒரு திருகு திருகிப் பாருங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் ஓட்ட வேண்டாம். டியூப் வைத்தும்கூட, மிக்ஸியில் துவையல் அரைக்கும் அளவுக்குச் சத்தம் வரும். உறங்கும் குழந்தைகள் உள்ள வீட்டிலிருந்து முதல் புகார் எங்களுக்கு மூன்றாம் நாளே வந்தது. இப்போது ஞாயிறு காலை பத்து மணிக்கு ஓட்டுகிறேன், அந்த நேரத்தை அறிவிப்புப் பலகையிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.